தொடர்ச்சி 4-ம் பக்கம்

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காரியாபட்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கண்மாயும் நிறைய வேலிக்கருவையும் கொஞ்சம் மனிதர்களும் இருக்கிற ஊர். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ய வேண்டும். பரணைக் காலி செய்ய முதுகுவலி இல்லாத ஒரு ஆள் வேண்டும். அப்படி யாரும் வீட்டில் இல்லாததால் நான் ஏறினேன்.

ஓட்டை அண்டா, கால் இல்லாத முக்காலி, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு கொத்துச் சாவி. எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி. இறக்கித் திறந்தால் அந்துருண்டை வாசனை. இரண்டு சுங்குடிச் சேலை, ஒரு பாக்குவெட்டி, சுருக்குப் பை. அடியில் பழைய பேப்பர் விரித்திருந்தது.

பெட்டிக்கு அடியில் விரித்த பழைய பேப்பரைப் படிக்காமல் மூடத் தெரிந்த தமிழர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். வடை மடித்த தாளையே எண்ணெயோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிற ஜாதி நாம். நானும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

1979 ஜூலை மாதத்துப் பேப்பர். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஸ்கைலாப். செய்தி பாதியில் நின்று, ஓரத்தில் பொடி எழுத்தில் 'தொடர்ச்சி 4-ம் பக்கம்' என்று இருந்தது. அந்த 4-ம் பக்கம் பெட்டியில் இல்லை.

எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் இருந்த அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கல்யாண வீட்டில் பழைய கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை எதுக்கு இப்ப எடுத்த?"

எதுக்கு அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கைலாப் என்பது 1973-ல் அமெரிக்கா ஏவிய விண்வெளி நிலையம். எடை சுமார் 77 டன். மூன்று தடவை ஆட்கள் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். அப்புறம் சும்மா கிடந்தது. கிடந்தது என்றால் மேலேயே கிடந்திருக்க வேண்டும் அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. 1979 ஜூலையில் பூமியில் விழும் என்றார்கள். எங்கே விழும் என்று கேட்டால் ஏவியவர்களே கையை விரித்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊருக்கு ஒரே பேப்பர், டீக்கடைக்கு வரும். 1942-ல் சி.பா.ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியை ஆரம்பித்த பிறகு, எழுத்துக் கூட்டத் தெரிந்தவரெல்லாம் பேப்பர் வாசிக்கலாம் என்று ஆகியிருந்தது. கூட்டத் தெரியாதவர்களுக்கு அப்பா இருந்தார். எட்டாவது வரை படித்தவர், தொண்டையும் பெரியது. காலை ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் அவர் வாசித்தால் அதுதான் எங்கள் ஊருக்கு ஆகாசவாணி.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. எட்டுப் பக்கப் பேப்பர் என்றால் இரண்டு தாள். வெளித்தாளில் 1, 2, 7, 8. உள்தாளில் 3, 4, 5, 6. டீக்கடையில் பேப்பர் வந்ததும் முதலில் நடப்பது பாகப்பிரிவினை. வெளித்தாள் அப்பாவுக்கு. உள்தாளைத் தையல்கடை மாமா, மதுரையில் என்ன படம் ஓடுகிறது என்று பார்ப்பதற்காக வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் கொண்டு போனார். கொண்டு போனவர் கையில் கத்திரிக்கோல் இருந்திருக்கிறது. யாருடைய சட்டைக்கோ காலர் அளவு எடுக்கத் தாள் தேவைப்பட்டிருக்கிறது.

ஆக, அன்று ஸ்கைலாப் செய்தியின் முதல் பாதி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. மறுபாதி காலர் ஆகிவிட்டது.

அப்பா வாசித்தார். இன்று இரவு விழும் என்று வாசித்தார். எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்று வாசித்தார்.

"எங்க வேணாலும்னா, நம்ம ஊரும் அதுல சேர்த்திதான?" என்றார் ஒருத்தர்.

இந்தக் கேள்வியில் தர்க்கரீதியாக ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "சேர்த்திதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அன்று மாலைக்குள் எங்கள் ஊரில் பதினோரு ஆடு செத்தது. எப்படியும் சாகப்போகிறோம், கறி தின்றுவிட்டுச் சாவோம் என்று ஊர் ஒரே மனதாக முடிவெடுத்துவிட்டது. கண்மாய் மராமத்துக்கு மூன்று வருடமாக ஒன்று சேராத ஊர் அது.

அப்பத்தா மட்டும் மறுத்தாள். "போன தடவையும் இப்படித்தான்டா சொன்னாய்ங்க" என்றாள். அவள் சொன்ன போன தடவை 1962 பிப்ரவரி. மகர ராசியில் எட்டுக் கிரகம் சேர்கிறது, உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்கப் பேச்சு. ஊர் ஊருக்கு யாகம் நடந்தது. பக்கத்து நாடான பர்மாவின் பிரதமர் ஊ நூ, ஆடு மாடு கோழியிலிருந்து நண்டு வரைக்கும் விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். உலகம் அழியவில்லை. ஆனால் மார்ச் 2-ம் தேதி ராணுவம் புகுந்து அவர் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டது. கிரகங்கள் வந்தது உண்மைதான், விலாசம்தான் தப்பு போலிருக்கிறது. அப்பத்தாவுக்கு ஊ நூவைத் தெரியாது. அவள் பங்குக்கு ஒரு விடைக்கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். அந்த நஷ்டத்தை பதினேழு வருடம் கழித்தும் மறக்கவில்லை.

ஆனால் பேப்பர் வாசித்தது அவள் பெற்ற மகன். வாசித்தவன் வீட்டிலேயே ஆடு அடிக்கவில்லையென்றால் ஊர் என்ன பேசும்? தொழுவத்தில் ஒரு செவலை ஆடு நின்றது. அது சாதாரண ஆடு அல்ல. ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம். ஆடியில் அந்த ஆட்டை விற்றுத் தோடு வாங்குவதாக ஏற்பாடு. ஆடு என்று சொன்னாலும் கணக்குப்படி அது தோடுதான், நாலு காலில் நின்றுகொண்டிருந்த தோடு.

அன்று இரவு தோட்டைச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுவிட்டு ஊரே கண்மாய்க்கரையில் உட்கார்ந்து மேலே பார்த்தது. நான் அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு நட்சத்திரம் எரிந்து விழுந்தபோது ஒரு பெரியவர், "வாங்குன கடனையெல்லாம் மன்னிச்சுருங்கப்பா" என்று கத்தினார். கொடுத்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சூரியன் வழக்கம்போல் வந்தது. ஆடுகள்தான் இல்லை. அந்தப் பெரியவரிடம் ஏழு மணிக்கே ஆள் போய்க் கடனைக் கேட்டது.

ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்தில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கமும் துண்டு துண்டாக விழுந்திருந்தது. இந்தியாவில் ஜூலை 11 இரவு பத்து மணி சுமார். இங்கே ஒன்றும் விழவில்லை என்று சொல்ல முடியாது. நாலு நாள் கழித்து, 15-ம் தேதி, மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மதுரையிலிருந்து முழுப் பேப்பரோடு வந்தார். 4-ம் பக்கத்தில் இருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஸ்கைலாப் துண்டு உலகத்தில் யாராவது ஒருத்தர் மேல் விழுவதற்கான வாய்ப்பு 152-ல் ஒன்று. குறிப்பிட்ட ஓர் ஆள் மேல், அதாவது என் மேலோ உங்கள் மேலோ விழுவதற்கு, 60,000 கோடியில் ஒன்று. அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அது அழகாக வெட்டப்பட்டு ஒரு சட்டையின் கழுத்துக்குள் போய்விட்டது.

அப்பத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆஸ்திரேலியாவுல விழுந்ததுக்கு நம்ம ஆடு ஏன்டா செத்துச்சு?"

அப்பாவிடம் பதில் இல்லை. நாஸாவிடமும் இருந்திருக்காது.

அத்தை கவரிங் தோட்டோடு கல்யாணம் ஆகிப் போனாள். மூன்றாம் மாதம் அது பல்லை இளித்துவிட்டது. மாமியார் வீட்டில் விசாரணை நடந்தது. உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஊரில் அவளுக்கு ஸ்கைலாப் என்று பெயர். கொழுந்தன்மார் கேலியாக வைத்ததுதான். அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லும்போது கை தானாகக் காதுக்குப் போகும்.

நான் பெரியவனாகி இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அடிக்கடி ஒன்றை நினைத்துப் பார்ப்பேன். நிஜமாகவே எங்கள் கண்மாயில் விழுந்திருந்தால்?

எஸ்பெரன்ஸில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கைலாப் துண்டை முதலில் கொண்டுவருகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று ஒரு சான்ஃபிரான்ஸிஸ்கோ பத்திரிகை அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸில் ஒரு பதினேழு வயதுப் பையன், வீட்டுப் பக்கம் கிடந்த கருகல்களை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிப்போய்ப் பரிசை வாங்கிவிட்டான். ஊராட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாஸாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. நாஸா கட்டவில்லை. 2009-ல் ஒரு அமெரிக்க ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து அந்த அபராதத்தைக் கட்டினார்.

எங்கள் ஊரில் விழுந்திருந்தால் முதலில் தலையாரி வந்திருப்பார். கண்மாய்ப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் கிடக்கும் பொருள் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். கண்மாய்க்கு உள்ளே என்பதால் பொதுப்பணித் துறை, கரையில் என்பதால் யூனியன், இரும்பு என்பதால் போலீஸ். மூன்று பேரும் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி முடிக்க ஆறு மாதம் ஆகும். அதற்குள் யாராவது மஞ்சள் துணி சுற்றியிருப்பார்கள். மழை பெய்திருந்தால் அதுதான் பெய்யவைத்தது. பெய்யவில்லை என்றால் கிடா வெட்டாததால் பெய்யவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஆட்டுக்குக் கஷ்டகாலம்தான். பத்தாயிரம் டாலருக்காக ஒருத்தரும் சான்ஃபிரான்ஸிஸ்கோ போயிருக்க மாட்டார்கள். அந்த அறிவிப்பு எந்தப் பேப்பரில் வந்திருந்தாலும் உள்தாளில்தான் வந்திருக்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பா டீக்கடையில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். சொந்தக் காசில் பேப்பர் வாங்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துவிட்டு உள்பக்கத்திலிருந்துதான் படிப்பார். யாராவது, "அண்ணே, இந்த மாதிரி போட்டிருக்கானே" என்று ஓடிவந்தால், "4-ம் பக்கம் பார்த்தியா?" என்பார். எங்கள் வீட்டில் அது பழமொழி மாதிரி. பரீட்சை ரிசல்ட் வந்தபோதும் கேட்டார். எனக்குப் பெண் பார்த்தபோதும் கேட்டார்.

அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு தலையங்கம் எழுதியது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எப்படிப் போகும், உந்தித் தள்ள ஏதாவது வேண்டாமா, இந்தப் பேராசிரியர் கோடார்டுக்குப் பள்ளிக்கூடப் பாடமே தெரியவில்லையே என்று. கோடார்டு 1945-ல் இறந்துபோனார். 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ-11 நிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டது. 49 வருடம்! நான் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. "பரவால்லயே, அவங்களுக்காவது வந்துச்சே" என்றார்.

இன்னொரு ரகம் உண்டு. தலைப்பு முழுக்க உண்மையாக இருக்கும். ஆனால் நமக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி இருக்காது. 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒற்றை நோட்டு இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் அந்த நோட்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதே தலைப்பு 2016 நவம்பரில் திரும்ப வந்தபோது அம்மாவின் கடுகு டப்பாவுக்குள் நேராக வந்து உட்கார்ந்தது. எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்தது. 4-ம் பக்கம் பார்க்க நேரமில்லாத ஒரே தலைப்பு அதுதான். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாங்க்கில் வரிசையில் நின்றாள்.

மிரட்டுகிற தலைப்புகளைக்கூட சமாளித்துவிடலாம். ஆசை காட்டுகிற தலைப்பைத்தான் தாங்க முடியாது. வானம் பார்த்த பூமிக்கு அதை அதிகமாகவே அனுப்புவார்கள்.

2011-12 ரயில்வே பட்ஜெட்டில் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புது ரயில் பாதை என்று வந்தது. 143.5 கிலோமீட்டர். வழியில் காரியாபட்டி. அருப்புக்கோட்டைக்காரர்களுக்காவது விருதுநகர்-மானாமதுரைப் பாதையில் ஒரு ஸ்டேஷன் இருந்தது. காரியாபட்டியில் ரயில் என்றால் பொருட்காட்சியில் குழந்தைகள் ஏறுவதுதான்.

ஊர் எப்படிப் பூரித்துப்போனது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீக்கடையில் ஸ்டேஷனே கட்டி முடித்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் நிற்குமா, பாஸஞ்சர் மட்டுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. நிற்கிற இரண்டு நிமிடத்தில் எத்தனை வடை விற்கலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். 'காரியாபட்டி உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வார்கள் என்று ஒருத்தர் என்னிடம் போனில் கேட்டார். வடக்கே போய் இரும்புக்கடையில் இருந்துவிட்டு வந்தவர் அவர், எனக்கு அவரைவிடக் குறைவாகத்தான் ஹிந்தி தெரியும்.

இதெல்லாம் வேடிக்கை. இதற்கு நடுவில் கரிசல் காட்டில் வெள்ளைக் கல் நட ஆரம்பித்தார்கள். ரயில்வேக்காரர்கள் அல்ல, ரியல் எஸ்டேட்காரர்கள். மதுரை-தூத்துக்குடி நாலு வழிச்சாலை வேறு போட்டாகிவிட்டதா, பருத்தியும் மிளகாயும் விளைந்த காட்டில் கலர் கலராகக் கொடி பறந்தது. 'வரவிருக்கும் ரயில் நிலையம் அருகில்' என்று நோட்டீஸ்.

எங்களுக்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. புரோக்கர் வந்து ஒரு விலை சொன்னார். அந்த மண்ணுக்கு அப்படி ஒரு விலையை எங்கள் வம்சத்தில் யாரும் கேட்டதில்லை. நான் சென்னையிலிருந்து, "கொடுத்துருங்கப்பா" என்றேன். அவர், "தொடர்ச்சி வரட்டும்" என்றார்.

2013-ல் அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு. மதுரையில் ஆபரேஷன். நான் கடன் வாங்கிக் கட்டினேன். அந்தக் கடன் தீர ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடத்தில் நான் அப்பாவிடம் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாமலிருப்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி. போனில் மழை உண்டா என்று நான் கேட்பேன், இல்லை என்பார், வைத்துவிடுவோம்.

இதற்கிடையில் 2021 பிப்ரவரியில் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய் திட்டம். குண்டாறு எங்கள் பக்கத்து ஆறு. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடும், அதுவும் லாரியில். காவிரித் தண்ணீர் வந்தால் என்னென்ன போடலாம் என்று டீக்கடையில் நெல்லிலிருந்து வாழை வரைக்கும் போட்டு அறுவடையும் செய்துவிட்டார்கள். அப்பா அந்தப் பேப்பரை எடுத்து வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. வைத்திருப்பார்.

இனி 2025 பொங்கலுக்கு வருகிறேன். நான் பரண் ஏறின அதே நாட்களில்தான் அந்தத் தலைப்பும் வந்தது. ஜனவரி 10 அன்று சென்னை ஐ.சி.எஃப்.புக்கு வந்த ரயில்வே அமைச்சரிடம் பத்திரிகையாளர்கள் கேட்க, மதுரை-தூத்துக்குடிப் புதுப் பாதையைத் தமிழக அரசே வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று அவர் சொன்னதாகச் செய்தி. திட்டம் கைவிடப்பட்டது என்று டி.வி.யிலும் பேப்பரிலும் ஒரே அமளி. நாங்கள் எப்போது வேண்டாம் என்றோம் என்று தமிழக அரசு கேட்டது.

மறுநாளே புரோக்கர் போன் செய்தார். ஏற்கெனவே பேசிவைத்திருந்த பார்ட்டி பின்வாங்குகிறார், கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்றார். எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"அப்பா, இன்னும் இறங்கும். இப்பவே தள்ளிருவோம்."

அவர் அந்த 1979 தாளைத் திண்ணையில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் பொறு" என்றார்.

"இன்னுமாப்பா 4-ம் பக்கம்?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் வைத்திருந்த குரல். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு வித்திருக்கணும்டா. உங்கம்மா படுத்தப்ப. ஆடு போன மாதிரி நெலமும் போயிருமோன்னு பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி பரண் ஏறினேன். இறக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு இறங்கினேன். கீழே இரண்டு டம்ளர் காபி இருந்தது. அவர் தன்னுடையதைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

சில நாளில் விளக்கம் வந்தது. ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஒரே இரைச்சலாம். கேட்டவர் தூத்துக்குடி என்று கேட்டிருக்கிறார். அமைச்சர் காதில் தனுஷ்கோடி என்று விழுந்திருக்கிறது. பதில் தனுஷ்கோடிக்குச் சொன்னது. தூத்துக்குடித் திட்டம் கைவிடப்படவில்லை. தூத்துக்குடி முனையில் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை பதினெட்டு கிலோமீட்டர் போட்டும் ஆகிவிட்டது. எங்கள் பக்கம்தான் இதை எழுதுகிற வரைக்கும் ரயில் ஓடவில்லை. தனுஷ்கோடிக்குப் போக வேண்டிய இடி ராமேஸ்வரத்தில் இறங்காமல் காரியாபட்டிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

புரோக்கர் மறுபடி போன் செய்தார். பழைய விலையே தருவாராம். அப்பா, "மொளகா நிக்குது. பழம் எடுத்துட்டுப் பேசுவோம். அவன் பேசுவான்" என்று என்னைக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். அவர் என்னைக் காட்டியது புரோக்கருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

நான் கிளம்புகிற அன்று அத்தை பொங்கல் சீர் வாங்க வந்திருந்தாள். எழுபது தாண்டிவிட்டது. காதில் தங்கத் தோடு. 1994-ல் மிளகாய் நல்ல விலைக்குப் போன வருடம் அப்பா எடுத்துக் கொடுத்தது. "அது வேற தோடு, இது வேற தோடு" என்பாள், கேட்டால். திண்ணையில் கிடந்த ஸ்கைலாப் தாளைப் பார்த்தாள். கை காதுக்குப் போனது.

"ஏண்ணே, இதை இன்னும் வச்சிருக்கியா நீயி?"

"ஆத்தா பெட்டியில இருந்துச்சு" என்றார் அப்பா.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே அன்றைய பேப்பரைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ரயிலு வராதுன்னாங்க, இப்ப வருதுங்குறாங்களாமே?"

"ஆமா, போட்டிருக்கான்."

"எங்கன போட்டிருக்கான்?"

"உள்பக்கத்துல. சின்னதா."

அத்தை வெற்றிலையை வாயில் போட்டாள்.

"அப்ப நெசமாத்தான் இருக்கும்."